நான்கு பேர் சேர்ந்து சாப்பிட எங்கே போவது? மெஸ், பரோட்டாக் கடை, புதிய வீட்டுச் சாப்பாட்டுக் கடை: ஓர் ஒப்பீடு

மதுரையில் நண்பர்கள் சேர்ந்து சாப்பிடப் போவதென்றால் மதியத்துக்கு மெஸ், இரவுக்குப் பரோட்டாக் கடை என்பது எழுதாத சட்டம். எங்கள் பகுதியில் இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. 'வீட்டுச் சாப்பாடு' என்று பலகை மாட்டிய புதிய உணவகம். பருப்புச் சாதம், மிளகு ரசம், வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், கம்பு தோசை, கஞ்சியும் துவையலும் என்று வீட்டில் உடம்பு சரியில்லாத நாளில் மனம் தேடும் பண்டங்களாகவே போட்டிருக்கிறார்கள்.

எங்கள் கூட்டத்தில் நான்கு பேர். ஒருவர் சைவம், இன்னொருவருக்குச் சர்க்கரை. நாற்பதைத் தாண்டிய நண்பர் கூட்டம் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. அதனால் மூன்று இடங்களையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: மேசையில் ஒருவராவது அடுத்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறதா?

ருசியில் மெஸ்ஸை மிஞ்ச ஆளில்லை. தல்லாகுளம் பக்கம் அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று வரிசையாக இருக்கின்றன. சிம்மக்கல் கோனார் மெஸ்ஸின் கறிதோசையைச் சாப்பிடவே வெளியூரிலிருந்து வருகிறார்கள். கனமான தோசை, மேலே முட்டை, அதற்கு மேல் கொத்துக்கறி, அப்படியே திருப்பிப் போட்டு வேகவைத்து எடுக்கிறார்கள். ஒருவர் முழுதாகச் சாப்பிட்டால் வேறெதுவும் இறங்காது. மதியச் சாப்பாட்டில் கறிக்குழம்பு, மீன்குழம்பு, ரசம், மோர் என்று இலைக்கு ஓட்டமாக வந்துகொண்டே இருக்கும். சுக்கா, ஈரல், கோலா உருண்டை, அயிரை மீன் குழம்பு எல்லாவற்றையும் பெரிய தட்டில் அடுக்கிக் கண்முன் நீட்டுவார்கள். அந்தத் தட்டில் கைவைக்கும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள். மீனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு விலை. சாப்பாட்டு விலையைவிடத் தொடுகறி விலை ஏறிவிடுவது சாதாரணம்.

ஆனால் மெஸ் பேசுவதற்கான இடமில்லை. கூட்ட நேரத்தில் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நின்றுகொண்டிருப்பார். மோர் ஊற்றியதும் எழுந்துவிட வேண்டும், அதுதான் மரியாதையும் கூட. நீண்ட நாள் கழித்துச் சந்திக்கும் நண்பரிடம் அரை மணி நேரத்தில் என்ன கேட்க முடியும்? சைவ நண்பருக்கு சாம்பாரும் கூட்டும் உண்டு, பட்டினி இல்லை. ஆனாலும் சுற்றிலும் மீன் வாசனை அடிக்கும் அந்த மேசைக்கு அவரை அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

நட்புக்கென்றே அமைந்தது பரோட்டாக் கடைதான். வெந்த பரோட்டாக்களைக் கல்லிலிருந்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மாஸ்டர் இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அடிக்கிறாரே, அந்த அடியில்தான் அடுக்கடுக்காகப் பிரிந்து வருகிறது. சூட்டோடு பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி இரண்டு நிமிடம் ஊறவிட வேண்டும். கொத்துப் பரோட்டா ஒரு தட்டு, பன் பரோட்டா இரண்டு, முட்டை வீச்சு ஒன்று என்று நடுவில் வைத்து ஆளுக்கொரு கை போடுவதில் இருக்கும் நெருக்கம் தனித்தனி இலையில் வராது. "அண்ணே, சால்னா ஊற்றவா?" என்று கேட்டுக் கேட்டு ஊற்றுவார்கள், அதற்குத் தனிக் காசும் கிடையாது. செலவும் மூன்றில் இங்கேதான் குறைவு. வாசலில் நின்று எவ்வளவு நேரம் பேசினாலும் யாரும் விரட்டுவதில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. முட்டை கொத்திய கல்லிலேதான் எல்லாம் வேகிறது. சால்னாவில் எலும்பும் கறியும் இறங்கியிருக்கும். சைவ நண்பருக்கு மிஞ்சுவது வெறும் பரோட்டாவும் வெங்காயப் பச்சடியும்தான். சர்க்கரைக்காரருக்கு மைதா ஆகாது. அவர் ஒரு ஆம்லெட்டோடு நிறுத்திக்கொண்டு எங்களுக்காகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு, அங்கே நால்வராகப் போக எனக்கு விருப்பமில்லை.

அதனால்தான் புதிய கடைக்கு என் ஓட்டு. மற்ற இரண்டையும்விடச் சமையல் உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். பருப்புச் சாதம் நன்றாகக் குழைந்து, நெய் மணக்க, உருளைக்கிழங்கு வறுவலோடு வருகிறது; அதில் குறையே இல்லை. வத்தக்குழம்பு சுண்டி எண்ணெய் பிரிந்து நிற்கிறது. ஆனால் ரசம் சரியில்லை. முன்பே கொதிக்கவைத்து அடுப்போரம் வைத்துவிட்டால் மிளகும் பெருங்காயமும் மணம் இழந்து புளிப்பு மட்டும் முன்னால் நிற்கும். இங்கே இரவு எட்டரைக்கு மேல் வருவது அந்த ரசம்தான். வீட்டுச் சாப்பாடு என்று பெயர் வைத்தவர்கள் ரசத்தை அவ்வப்போது புதிதாகக் கூட்டியே ஆக வேண்டும். இன்னொன்று, எல்லாம் ஆளுக்கொரு கிண்ணமாக வருகிறது. பகிர்ந்து சாப்பிட வேண்டுமென்றால் காலித் தட்டுகளை நாமே கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள்.

இருந்தும் நால்வருக்கும் அங்கே சாப்பாடு இருக்கிறது. சர்க்கரைக்காரர் கம்பு தோசையை ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார், யாரும் அடுத்ததைத் திணிப்பதில்லை. சைவ நண்பர் அட்டையை முழுதாகப் படித்துத் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கிறார். நண்பர்களோடு வெளியே போகும்போது அவருக்கு அது அபூர்வம். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் யாரும் பில்லைக் கொண்டுவந்து நீட்டவில்லை.

பில் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். தனி உணவகங்களுக்கு 2017 நவம்பரிலிருந்து ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி தொகுப்புத் திட்டத்தில் (composition scheme) பதிந்த சிறு கடைகள் அதையும் வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது. சேவைக் கட்டணத்தைத் தானாக பில்லில் சேர்ப்பது கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. சேவைக் கட்டணம் பில்லில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யலாம். பரிமாறியவருக்குக் கொடுக்க விரும்புவதை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இருவர் மட்டும், அதுவும் அசைவக்காரர்கள் என்றால் யோசிக்காமல் மெஸ்ஸுக்குப் போகலாம். கல்லூரி முடித்த வயதுக்காரர்களுக்குப் பரோட்டாக் கடையைவிட நல்ல இடம் கிடையாது. எங்களைப் போன்ற கூட்டம் புதிய கடைக்கு வார நாளில், ஏழரை மணிக்குள் போய்விடுவது நல்லது. போனதும் முதலில் ரசத்தைச் சொல்லிவிடுங்கள்.