கேபிடல் சுற்றிப் பார்த்தோம்: அந்தக் கீழ்த்தள அறையைத் தவற விடாதீர்கள்

வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கூடும் கேபிடலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிரிப்ட் என்று அழைக்கப்படும் தூண்கள் நிறைந்த கீழ்த்தளக் கூடத்துக்கு வந்ததும், பழைய உச்ச நீதிமன்ற அறையைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால், வழக்கமான சுற்றில் சில சமயம் அது இடம்பெறாது. நாங்கள் கேட்டோம், கிடைத்தது.

நான் மேரிலாந்தில் உள்தணிக்கை வேலை பார்ப்பவள். காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர் பேரேடு எழுதக் கூடாது, பேரேடு எழுதுகிறவர் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் அரிச்சுவடி. குடியுரிமைத் தேர்வுக்கு நான் படித்த 100 கேள்விகளில் ஒன்று, காங்கிரஸ், அதிபர், நீதிமன்றம் என்னும் அரசின் மூன்று கிளைகளில் ஒன்று அளவுக்கு மீறி வலுப்பெறாமல் தடுப்பது எது என்பது. 'அதிகாரப் பிரிவினை' என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நான் தினமும் செய்கிற வேலைக்கும் அந்த விடைக்கும் உள்ள உறவு அப்போது தெரியவில்லை.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு 74 வயது, மகனுக்கு 16. கட்டணம் கிடையாது, இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போனோம். முதலில் 13 நிமிடப் படம், பிறகு வழிகாட்டியின் குரல் கேட்க ஆளுக்கொரு ஹெட்போன். உணவுக்கும் நீருக்கும் அனுமதி இல்லை. வெறும் பாட்டிலைக் கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சக்கர நாற்காலி தருகிறார்கள், தயங்காமல் கேளுங்கள்.

ரொட்டண்டா என்னும் வட்டக் கூடத்தில் எல்லோரும் அண்ணாந்து கோபுரத்து ஓவியத்தையே பார்க்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சுவரில் ஜான் டிரம்புல் வரைந்த நான்கு பெரிய ஓவியங்களில் ஒன்றின் முன் கொஞ்சம் நில்லுங்கள். 1783 டிசம்பரில், அனாபொலிஸ் நகரில் கூடியிருந்த காங்கிரஸிடம் ஜார்ஜ் வாஷிங்டன் தன் படைத்தலைமையைத் திருப்பிக் கொடுக்கும் காட்சி அது. அரசியலமைப்பு எழுதப்பட்டதே அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1787இல். போரில் வென்ற தளபதி எந்த விதியும் கட்டாயப்படுத்தாமல் கையிலிருந்ததை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லோரும் அவரைப் போல இருக்க மாட்டார்கள் என்றுதானே பிறகு விதி எழுதினார்கள்?

இனி அந்த அறை. குடை விரித்தாற்போல வளைந்து இறங்கும் கூரை, குட்டையான தடித்த தூண்கள், நீதிபதிகளுக்கு வரிசையாக மேசைகள். கட்டும்போதே, 1808இல், கூரை இடிந்து விழுந்து பணியை மேற்பார்வையிட்ட ஜான் லெந்தால் இறந்தார். 1814இல் ஆங்கிலேயப் படை கேபிடலுக்குத் தீ வைத்தபோது இந்த அறையும் சேதமடைந்தது. அதைச் சீரமைத்து, 1860 வரை நாட்டின் உச்ச நீதிமன்றம் இங்கேதான் கூடியது. அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட் விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கில், கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்று 1857இல் சொன்ன கொடுந்தீர்ப்பும் இதே அறையில் வந்ததுதான். அதைக் கேட்டபின் அந்த மேசைகளை வெறும் காட்சிப்பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை.

சுவரில் இருக்கும் நீதிதேவதைக்குக் கண்கட்டு இல்லை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் சிறகுள்ள இளைஞன் அரசியலமைப்பை அவள் முன் ஏந்திக் காட்டுகிறான்.

தலைக்கு நேர் மேலே காங்கிரஸின் மேலவையான செனட் கூடியதாம். "நீதிபதிகளுக்குச் சொந்தமாக ஒரு கட்டடம்கூடக் கட்டித்தரவில்லையா?" என்று அம்மா கேட்டார். சரியான கேள்வி. 1935 வரை இல்லை. செனட் புதிய மண்டபத்துக்குப் போன பிறகு, அது காலி செய்த மேல்தள அறைக்கு நீதிமன்றம் குடியேறியது, அவ்வளவுதான். தீர்ப்பு எழுதுகிறவர்கள் கையில் படையும் இல்லை, பணப்பெட்டியும் இல்லை. பணம் ஒதுக்குவது காங்கிரஸ். அதே காங்கிரஸ் பதவியில் இருக்கும் நீதிபதியின் சம்பளத்தைக் குறைக்க முடியாது. இந்த இரண்டையும் சேர்த்து எழுதி வைத்தவர்களின் கூர்மைக்குத் தணிக்கையாளராக என் மரியாதை.

வெளியே வந்து தெருவைக் கடந்தால் 1935இல் திறந்த கட்டடம். அதிபராகவும் பிறகு தலைமை நீதிபதியாகவும் இருந்த ஒரே மனிதரான டாஃப்ட் காங்கிரஸிடம் போராடிப் பெற்றது. திறப்பைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஒதுக்கிய 97,40,000 டாலரில் 94,000 டாலர் மிச்சமாகி அரசுக் கருவூலத்துக்கே திரும்பியது. இரண்டே ஆண்டில், தன் திட்டங்களைத் தடுத்த நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகள் வரை கூடுதலாக அமர்த்த வழி கேட்டார் அதிபர் ரூஸ்வெல்ட். அவருடைய கட்சியே பெரும்பான்மையாக இருந்த செனட் அதை ஏற்கவில்லை.

அங்கே உட்கார்ந்து மகனுக்கு ஜெகதீஷ் ராய் சாதாவின் கதையைச் சொன்னேன். இந்தியப் பெற்றோருக்குக் கென்யாவில் பிறந்து, மாணவர் விசாவில் இங்கே வந்தவர். விசா முடிந்த பிறகும் தங்கியவரை நாடு கடத்த வேண்டாம் என்று குடிவரவு நீதிபதி முடிவு செய்தார். அப்படி விலக்குப் பெற்ற 340 பேர் பட்டியலிலிருந்து ஆறு பேரை மட்டும் பொறுக்கி எடுத்து, அவர்களுக்கு விலக்கு இல்லை என்று 1975 டிசம்பரில் காங்கிரஸின் மற்றொரு அவையான பிரதிநிதிகள் சபை தன்னிச்சையாகத் தீர்மானித்தது. அந்த ஆறில் சாதாவும் ஒருவர். செனட்டும் சேரவில்லை, அதிபரின் கையெழுத்தும் இல்லை. ஒரு சபை மட்டும் இப்படிச் செய்ய முடியாது என்று 1983இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பல ஆண்டுகள் விசாவில் வாழ்ந்து, ஒவ்வொரு கடிதத்தையும் பயந்து பிரித்தவள் நான். அந்த ஒற்றைக் கையெழுத்து இல்லாததன் எடை எனக்குத் தெரியும்.

இந்தச் சுற்றில் சபைகளின் பார்வையாளர் மாடம் சேராது, அதற்குத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும். உங்கள் செனட்டர் அல்லது பிரதிநிதியின் அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும். வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வரவேற்பு மையத்திலேயே விசாரிக்கலாம். செனட் கூடும் நாளாகப் பார்த்து மறுபடி போகப் போகிறோம். மசோதாவை அதிபர் மறுத்துத் திருப்பியனுப்பும் வீட்டோவை மீற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றதும், கை தூக்கி எண்ணுவார்களா, பெயர் வாசிப்பார்களா என்று அம்மா கேட்டார். பெயர் வாசிப்பார்கள் என்றேன். அதைக் கேட்க வேண்டும் என்கிறார்.