சிங்கப்பூரா, கோலாலம்பூரா? அம்மாவின் முட்டியை வைத்து ஒரு கணக்கு

மாங்காய் விற்ற காசு கைக்கு வந்த வாரத்தில் அப்பாவே பேச்சை எடுத்தார். "இந்த வருஷமாவது ஏரோப்ளேன்ல எங்கியாவது போய்ட்டு வரலாமாடா?" தோட்டம், ஒகேனக்கல், திருப்பதி, ஒரே ஒருமுறை ராமேஸ்வரம். அவரும் அம்மாவும் இதுவரை பார்த்த உலகம் அவ்வளவுதான். நான் வேலை விஷயமாக சிங்கப்பூருக்கும், நண்பர்களோடு கோலாலம்பூருக்கும் போய் வந்தவன் என்பதால் பஞ்சாயத்து இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே வந்து நின்றது.

போய்ச் சேரும் வழியில் பெரிய வித்தியாசம் இல்லை. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு விமானம் என்றாலே சென்னை இல்லை, பெங்களூருதான். அங்கிருந்து இரண்டுக்கும் நேரடி விமானம் உண்டு. நான்கு, நாலரை மணி நேரப் பயணம். ஓசூரைத் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் ஊர்ந்து, ஊரையே குறுக்காகக் கடந்து தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேரவும் சில நாள் அதே நேரம் பிடிக்கும்.

விசாவில் மலேசியா முந்துகிறது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்தச் சலுகை 2026 கடைசி வரை உண்டு. கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் ஒரு வருகைப் படிவம் நிரப்பினால் போதும். சிங்கப்பூருக்கு அந்தப் படிவமும் வேண்டும், விசாவும் வேண்டும். விசாவைப் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம்தான் எடுப்பார்கள்.

செலவிலும் மலேசியாதான். இரண்டு ஊர்த் தமிழர்களும் பணத்தை 'வெள்ளி' என்றே சொல்கிறார்கள். எந்த வெள்ளி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மலேசிய வெள்ளி இருபது ரூபாயைக் கொஞ்சம் தாண்டும், சிங்கப்பூர் வெள்ளி அறுபத்தைந்தைத் தாண்டும். கோலாலம்பூரில் நாங்கள் நான்கு பேர் கால் நீட்டிப் படுத்த அறையின் வாடகைக்கு, சிங்கப்பூரில் எனக்குக் கிடைத்தது பெட்டியைத் திறந்தால் கதவைத் திறக்க முடியாத அறை.

இதுவரை படித்தால் கோலாலம்பூருக்கு டிக்கெட் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்புறம்தான் அம்மாவின் முட்டி நினைவுக்கு வந்தது.

அம்மாவுக்கு மலேசியா என்றால் பத்துமலை. 1890-களின் தொடக்கத்தில் தம்புசாமி பிள்ளை என்பவர் அந்தச் சுண்ணாம்புக் குகையில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார். அடிவாரத்தில் 140 அடி உயரத் தங்கநிற முருகன் 2006-இல் வந்தார். போவது சுலபம், கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறினால் குகைக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. ஆனால் குகைக் கோயிலுக்கு 272 படிகள். செங்குத்து. வழியெல்லாம் குரங்குகள் வேறு. ஒகேனக்கல் குரங்குக்கு அண்ணன் முறை, கையில் இருக்கும் பையைத் தானே வாங்கிக்கொள்ளும். ரேஷன் கடைப் படி ஏறவே கையைப் பிடிக்கச் சொல்லும் அம்மா, கீழே நின்று அண்ணாந்து கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். "கீழ நின்னு பாக்கறதுக்கு நம்ம சேலம் பக்கமே இருக்கே" என்றார் அப்பா. அது உண்மை. வாழப்பாடியைத் தாண்டி, புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-இல் குடமுழுக்கு கண்ட முத்துமலை முருகன் 146 அடி. பத்துமலை முருகனை விட ஆறடி அதிகம், செய்ததும் அதே திருவாரூர் சிற்பிதான்.

படி மட்டும் பிரச்சினை இல்லை. கோலாலம்பூரில் ரயில், எல்ஆர்டி என்கிற நகர ரயில், மோனோ ரயில் எல்லாம் இருந்தாலும் ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றுக்கு மாற நல்ல நடை நடக்க வேண்டும். நடைபாதை சில இடங்களில் திடீரென்று முடிந்துபோகும். நான்கு இளைஞர்களுக்கு அது ஜாலி. கிராப் ஆப்பில் வாடகை வண்டி கூப்பிட்டால் சமாளிக்கலாம்தான், மாலை நெரிசலில் மாட்டாமல் இருந்தால். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் மட்டும் யாருக்கும் சலிக்காது: 452 மீட்டர், 88 மாடி, 1998 முதல் 2004 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம். திங்கட்கிழமை மேலே விடமாட்டார்கள். இது தெரியாமல் திங்கட்கிழமை போய் நின்ற நால்வரில் நானும் ஒருவன்.

சிங்கப்பூரில் எம்ஆர்டி என்கிற நகர ரயிலின் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ரயில் அறிவிப்பு தமிழிலும் வரும், ரூபாய் நோட்டு மாதிரி அவர்கள் நோட்டிலும் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கும். ஆங்கிலம் தெரியாத அப்பாவுக்கு அது காசுக்கு மேல். பேச்சுத்துணைக்கு கோலாலம்பூரில் தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியும் குறைந்ததில்லை. வாழையிலைச் சாப்பாட்டுக்கடை அக்காவிடம் அம்மா குடும்பக்கதை முழுவதும் பேசிவிடுவார்.

பார்க்கிற இடங்களில் சிங்கப்பூரைப் பற்றி எனக்கு ஒரு கேலி உண்டு. சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் என்ற கடைவளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கூரை வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது. கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகிலேயே உயரம். கார்டன்ஸ் பை த பே தோட்டத்தின் கண்ணாடி மாளிகைக்குள் 35 மீட்டர் அருவி இன்னொன்று, அதற்கு டிக்கெட். பரிசலில் அருவிக்கடியில் போய் நனைந்து, எண்ணெய்க் குளியல் போட்டு, மீன் வறுவல் தின்று வளர்ந்தவர்களிடம் டிக்கெட் அருவியா? அதை விட்டுவிடலாம். அதே தோட்டத்தில் மரம் மாதிரி நிற்கும் இரும்புக் கோபுரங்களின் இரவு விளக்குக் காட்சிக்குக் காசு இல்லை.

அப்பாவுக்கு என்று நான் குறித்து வைத்திருப்பது தாவரவியல் பூங்கா. நுழைவு இலவசம், 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஹென்றி ரிட்லி என்பவர் மரத்தைக் கொல்லாமல் ரப்பர் பால் இறக்கும் முறையை அங்கேதான் சோதித்துப் பார்த்தார். மலாயா முழுக்க ரப்பர் தோட்டம் பரவியதும், அதில் பால் வெட்ட நம் ஊர்களிலிருந்து ஆட்களைக் கப்பல் ஏற்றியதும் அதன் பிறகு நடந்த கதை. பிரிக்ஃபீல்ட்ஸ் அக்காவின் பாட்டனாரும் அப்படி வந்தவராகவே இருக்கலாம். மரத்துக்கு மரம் நின்று பேசுகிற ஆளுக்கு அங்கே அரை நாள் பத்தாது.

சரி, என் தீர்ப்பு: நண்பர்களோடு, குறைந்த காசில், ஊர் சுற்ற என்றால் கோலாலம்பூர். அறுபதைத் தாண்டிய இரண்டு பேரோடு என்றால் சிங்கப்பூர். ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாவது சிங்கப்பூர். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம் என்று முகவர் சொல்வார். நடுவில் 350 கிலோமீட்டர் பேருந்து, எல்லையில் இரண்டு முறை இறங்கி ஏறி வரிசை. முட்டி ஒத்துக்கொள்ளாது.

இதையெல்லாம் விளக்கி முடித்ததும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அங்க முருகன் இருக்காரா?" இருக்கிறார். டேங்க் ரோட்டில் 1859-இல் செட்டியார்கள் கட்டிய தெண்டாயுதபாணி கோயில். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் நடந்து வந்து சேரும் இடம். மலை ஏற வேண்டியதில்லை.

மறுநாள் விசா போட்டோவுக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும் என்று சொன்னேன். வெள்ளைச் சட்டையோடு கிளம்பி நின்ற அப்பாவை, மாற்றிக்கொண்டு வரச் சொல்லி உள்ளே அனுப்பினார் அம்மா.