காலனி வீட்டுக்கு எது சரி: பழுதுபார்ப்பா, மறுகட்டுமானமா?

காரைக்குடியிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ஒரே அளவில் வரிசையாக நிற்கும் தொகுப்பு வீடுகளைப் பார்க்கலாம். தொண்ணூறுகளிலும் அதற்கு முன்பும் அரசு கட்டிக் கொடுத்தவை. பல வீடுகளில் தளத்தின் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, மழைக்குத் தார்ப்பாய்தான் துணை. ஒவ்வொரு பட்ஜெட் முடிந்ததும் "நம்ம காலனிக்குப் பணம் வருதாம்ல" என்று பேச்சு கிளம்பும். எந்தப் பணம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

அதிகம் அடிபடும் பெயர் கலைஞரின் கனவு இல்லம். 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் வந்தது. 2030-க்குள் ஊரகத்தில் 8 லட்சம் வீடு, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. தொகை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது குடிசைக்காரர்களுக்கு. தளம் போட்ட வீடு தலையில் விழுகிற நிலையில் இருந்தாலும் குடிசைக் கணக்கில் சேராது. காலனியில் இருப்பவர்கள் அந்த வரிசையில் நின்று நாளைக் கழிக்க வேண்டாம்.

அவர்களுக்கென்று இருப்பவை இரண்டு. 2001-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய 2.5 லட்சம் வீடுகளை 2,000 கோடியில் பழுதுபார்ப்பதாக 2024-இல் அறிவித்தார்கள். சராசரி பார்த்தால் வீட்டுக்கு 80,000 ரூபாய். பழுதுபார்த்துத் தேறாத வீடுகளுக்கு 2025-26 பட்ஜெட்டில் முதலமைச்சரின் வீடுகள் மறுகட்டுமானத் திட்டம் வந்தது. 25,000 வீடு, 600 கோடி, வீட்டுக்கு 2.4 லட்சம். ஆக, பத்து வீட்டுக்குப் பூச்சு, ஒரு வீட்டுக்குப் புதுக்கட்டு என்ற கணக்கு. நம் காலனிகளின் தளங்களை அண்ணாந்து பார்த்தவர்கள் யாரும் இந்த விகிதத்தை ஒப்ப மாட்டார்கள்.

ஏன் என்றால் கம்பி. கான்கிரீட்டுக்குள் ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் துரு உப்பும், உப்பின துரு காரையைத் தள்ளும். அந்த இடத்தில் சிமெண்ட் கலவையை அப்பி வெள்ளையடித்தால் அடுத்த ஐப்பசிக்குள் அதுவும் விழும். முறையாகச் செய்வதென்றால் காரையைக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி வைத்துக் கட்ட வேண்டும். அந்த வேலைக்கு 80,000 எந்த மூலைக்கு? மேல்தளத்தில் தண்ணீர் நின்று கசிகிறது, மேலே பதித்த தட்டு ஓடு பெயர்ந்திருக்கிறது, கதவு இற்றுவிட்டது, தரை பொரிந்திருக்கிறது என்றால் அந்தப் பணம் போதும், உருப்படியாகவும் இருக்கும். குடியிருந்தபடியே வேலையை முடித்துக்கொள்ளலாம் என்பதும் சின்ன வசதி இல்லை. சுத்தியலால் தளத்தை அடியிலிருந்து தட்டிப் பாருங்கள். கணீரென்றால் பழுதுபார்ப்பு. அறை முழுக்கப் பொத்தென்று கேட்டால் அந்தப் பணத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள். இந்த வருடம் அதை வாங்கிக்கொண்டு மறுவருடம் மறுகட்டுமானம் கேட்டுப் போனால் ஓவர்சீயர் என்ன சொல்வார் என்று ஊகிக்க ஜோசியம் தேவையில்லை.

மறுகட்டுமானத்தில் வேறு தலைவலி. பணம் மொத்தமாக வராது. அஸ்திவாரம், லிண்டல், தளம் என்று மட்டத்துக்கு மட்டம் அளந்து பில் போட்டபின்தான் வரும். முதல் போடுவது வீட்டுக்காரர். மகளிர் குழுக் கடன், நகை, கடைசியில் வட்டிக்காரர் என்று போகும். இடித்துக் கட்டும் மாதங்களில் எங்கே இருப்பது, ஆட்டை எங்கே கட்டுவது என்பதற்குத் திட்டத்தில் பதில் இல்லை. சென்னையில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பழைய அடுக்குமாடியை இடிக்கும்போது குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை தருகிறது, முன்பு 8,000 ஆக இருந்தது. காரைக்குடிப் பக்கத்துக் காலனிக்காரருக்கும் வாடகை வாடகைதானே? பட்டாவையும் பாருங்கள். பல வீடுகளில் அது இறந்துபோன அப்பா பேரிலேயே கிடக்கும், உள்ளே மூன்று மகன்களின் குடும்பம் இருக்கும். பேர் மாற்றாமல் எந்தத் திட்டமும் நகராது.

இவ்வளவு இருந்தும், கம்பி தெரிகிற வீட்டுக்கு நான் மறுகட்டுமானத்தையே சொல்வேன். கடன் ஒருநாள் தீரும், அந்தத் தளம் தேறாது.

இரண்டையும் விட எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: குடியிருப்பை மொத்தமாக எடுத்துச் செய்வது. இலங்கைத் தமிழர் முகாம்களில் பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட 231.54 கோடியை 2021-இல் அரசு ஒதுக்கியது. லேணாவிளக்கு முகாமை அறிந்த திருமயம்காரர்களுக்கு அந்தப் பழைய வரிசை வீடுகளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அங்கே கட்டுவது அரசு, வீட்டுக்காரர் கடன் வாங்க வேண்டாம். சிங்கம்புணரி பக்கம் கோட்டை வேங்கைப்பட்டி சமத்துவபுரமும் இதே வகைதான். கட்டி முடித்து ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து, சீரமைத்து 2022 ஜூனில் திறந்தார்கள். தனி வீட்டுப் பணத்தில் ஒருபோதும் வராத வடிகாலும் தெருவும் இப்படிச் செய்தால்தான் வரும். காலனியில் பத்து வீட்டைப் புதிதாக்கி, நடுவில் சாக்கடையை அப்படியே விட்டால் சுவர் மறுபடி அரிக்கும்.

இதில் குறை ஒன்று உண்டு: குடியிருப்பவர் பேச்சு எடுபடாது. லண்டனில் பழைய அரசுக் குடியிருப்பை இடித்துப் பெரிதாகக் கட்ட மாநகர நிதி வேண்டுமென்றால், 2018 முதல் குடியிருப்போர் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். நமக்குக் கிராம சபை இருக்கிறது. பயனாளிப் பட்டியலை வாசித்து முடித்ததும் எழுந்து போய்விடாமல், எந்த வீட்டுக்குப் பூச்சு, எந்த வீட்டுக்குப் புதுக்கட்டு என்று கேளுங்கள். இடிக்கும் மாதங்களுக்கு வாடகையும் காலனிக்கு வடிகாலும் வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய தாளின் நகலையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.