டிசி சர்க்யூட் கணக்கு கத்துக்கிட்டது: மூணு வருஷ அனுபவம்

இன்வெர்ட்டர் சர்வீஸ் கடையில வேலைக்கு சேர்ந்தப்ப எனக்கு ஓம் விதி மனப்பாடமா தெரியும், ஆனா ஒரு போர்டை முன்னாடி வச்சா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியாது. மூணு வருஷமா ஒரு நோட்டு, சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர், பிரெட்போர்டு (சால்டர் வைக்காம பார்ட்ட சொருகி சர்க்யூட் கட்டற பலகை), பிரவுசர்லயே ஓடற ஃபால்ஸ்டாட் சிமுலேட்டர், இதை எல்லாம் வச்சு தனியாதான் படிக்கறேன். எது கைகொடுத்துச்சோ அதை சொல்றேன்.

முதல் தடங்கல் நம்ம பேச்சுலயே இருக்கு. வீட்ல "கரண்ட் வந்துருச்சு"ன்றோம், பிளக்ல "கரண்ட் இருக்கா பாரு"ன்றோம், ஆனா எதையும் சொருகாத பிளக்ல கரண்ட் ஓடாது, அங்க இருக்கறது வோல்டேஜ். வோல்டேஜ்னா எப்பவும் ரெண்டு புள்ளிக்கு நடுவுல, கரண்ட்னா ஒரு ஒயர் வழியா. இது மண்டையில ஏற எனக்கு மாசக்கணக்காச்சு, ஏறினதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம் ஓட ஆரம்பிச்சுது.

ஏற வச்சது ஒரு தப்பு. மீட்டரை மில்லி ஆம்பியர்ல வச்சிருந்தத மறந்துட்டு, வோல்டேஜ் பாக்கற மாதிரி நேரா பேட்டரி ரெண்டு முனையிலயும் வச்சுட்டேன். கரண்ட் அளக்கறப்ப மீட்டரோட ரெசிஸ்டன்ஸ் ரொம்ப கம்மி, ஷார்ட் பண்ண மாதிரிதான். சத்தமே வரல. அடுத்த ரெண்டு வாரம் எந்த சர்க்யூட்ல கரண்ட் அளந்தாலும் 0 தான் காட்டுது, கணக்குதான் தப்புன்னு நினைச்சு திரும்ப திரும்ப போட்டேன். ஒரு நாள்தான் கவனிச்சேன், மீட்டரை சீரிஸ்ல (கரண்ட் மீட்டர் வழியாவே போற மாதிரி) சேர்த்தா எல்இடி அணையுது, எடுத்துட்டு ஒயரை ஒட்டினா எரியுது. உள்ள இருந்த 200 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்துச்சு. மாத்தினதும் சரியாயிருச்சு.

கணக்கு முறைல எல்லாரும் லூப் முறைய (ஒவ்வொரு மூடின சுத்துலயும் ஓடற கரண்ட கண்டுபிடிக்கறது) முதல்ல சொல்லித் தருவாங்க, எனக்கு நோடு முறைதான் (ஒயருங்க சேர்ற புள்ளியோட வோல்டேஜ கண்டுபிடிக்கறது) நின்னுச்சு. காரணம் எளிமை, கருப்பு புரோபை கிரவுண்ட்ல (0 வோல்ட்னு வச்சுக்கற புள்ளி) வச்சு சிவப்ப நோடுல வச்சா நோட்டுல வந்த விடை அப்படியே மீட்டர்ல தெரியும். ரெண்டு லூப்புக்கு பொதுவான ஒயர்ல லூப் கரண்ட தனித்தனியா அளக்க முடியாது. ரெண்டு முறைக்கும் அடிப்படை, ஜெர்மன் விஞ்ஞானி கிர்ச்சாஃப் 1845ல, 21 வயசுல, மாணவரா இருந்தப்பவே எழுதுன விதிங்கதான், இன்னிக்கும் என் பெஞ்ச்ல அப்படியே வேலை செய்யுது.

ஒரு கணக்கு சொல்லியே ஆகணும். 12 வோல்ட் பேட்டரிலருந்து 2 கிலோ ஓம், 6 வோல்ட் பேட்டரிலருந்து 1 கிலோ ஓம், ரெண்டும் ஒரே நோடுல சேருது, அங்கருந்து 3 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. நோடு வோல்டேஜ் 6.55 வருது. 12 வோல்ட் பக்கத்துலருந்து 2.73 மில்லி ஆம்பியர் வருது, கீழ 2.18 தான் இறங்குது, 6 வோல்ட் பக்கம் மைனஸ் 0.55. மைனஸ பாத்ததும் தப்புன்னு அழிச்சு அழிச்சு எழுதினேன். கடைசில யூபிஎஸ் பேட்டரியும் எமர்ஜென்சி லைட் பேட்டரியும் எடுத்து கட்டிப் பாத்தேன், பேட்டரிங்க 12.7, 6.3 வோல்ட் இருந்ததால நோடு 6.9 காட்டுச்சு, ஆனா சின்ன பேட்டரிக்குள்ள கரண்ட் உள்ள போகுது, சார்ஜ் ஏறுது! மைனஸ்னா நான் போட்ட அம்புக்குறிக்கு எதிர்திசை, அவ்வளவுதான். அன்னிக்கு வந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கு. அதுலருந்து அம்புக்குறி எப்படி வேணா போடுவேன், போட்டத நடுவுல மாத்த மாட்டேன்.

சிமுலேட்டர்ல கரண்ட் மஞ்சப் புள்ளியா ஓடறது கண்ணுக்கு நல்லா பதியும், ஆனா கைல கணக்கு போட்டதுக்கு அப்புறம்தான் திறக்கணும், முன்னாடியே திறந்தா விடை தெரிஞ்சுரும், மூளை வேலை செய்யாது. இன்னொன்னு, 9 வோல்ட்ட ரெண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்ல பிரிச்சா சிமுலேட்டர் 4.5 காட்டும், என் மீட்டர் 4.29 தான் காட்டுச்சு. மீட்டரோட 10 மெகா ஓமும் கீழ் ரெசிஸ்டரோட பேரலலா (பக்கத்துல இன்னொரு பாதையா) சேருது, அதையும் சேர்த்துப் போட்டா 4.29 சரியா வருது. மீட்டரும் சர்க்யூட்ல ஒரு பார்ட்டுதான்.

கடையில தினமும் கைகொடுக்கறது தெவனின் தேற்றம்: பேட்டரியும் ரெசிஸ்டருமா இருக்கற எந்த சர்க்யூட்டையும், ரெண்டு முனையிலருந்து பாத்தா ஒரு வோல்டேஜ், அதோட சீரிஸ்ல ஒரு ரெசிஸ்டன்ஸ்னு சுருக்கிடலாம். தெவனின் ஒரு பிரெஞ்சு தந்தித் துறை இன்ஜினியர், 1883ல இதை வெளியிட்டார். போன வாரம் ஒரு அக்கா எமர்ஜென்சி லைட்ட கொண்டு வந்து "தம்பி, பேட்டரி நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்க, ஆனா எரியல"ன்னாங்க. சும்மா அளந்தா 6.2 வோல்ட். 10 ஓம் ரெசிஸ்டர லோடா போட்டு அளந்தா 4.1. அப்ப கரண்ட் 0.41 ஆம்பியர், உள்ள விழுந்தது 2.1 வோல்ட், அப்படின்னா பேட்டரிக்குள்ளயே 5 ஓம் கிட்ட ரெசிஸ்டன்ஸ் இருக்கு, அதான் லோடு போட்டா வோல்டேஜ் விழுந்துருது. அவங்க முன்னாடியே ரெண்டு ரீடிங்கும் காட்டினேன், புது பேட்டரி மாத்திக்கிட்டு போனாங்க.