கூலிக்கு ஒன்று, பங்குக்கு ஒன்று: பிங்க் ஃபிளாய்டின் இரண்டு பிற்கால ஆல்பங்கள்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் ராமேஸ்வரத்துக்கு அருகே எங்கள் மண்டபம் ஊர்க் கரையில் விசைப்படகுகள் எல்லாம் ஒதுங்கிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகிறவர்களுக்கு வருமானமில்லாத நாட்கள். இஞ்சின் மெக்கானிக் அண்ணனுக்கோ மூச்சுவிட நேரமில்லாத நாட்கள். அவருடைய பட்டறையில்தான் நாங்கள் நான்கு பேர் ஒவ்வொரு தடைக்காலத்திலும் ஒரே சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம். பிங்க் ஃபிளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் பாட்டுகளைப் பெரும்பாலும் எழுதிய ரோஜர் வாட்டர்ஸ் விலகிப் போன பிறகு வந்தவற்றில் எது தேறும்? 1987இன் 'எ மொமென்ட்ரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' ஆல்பமா, 1994இன் 'தி டிவிஷன் பெல்' ஆல்பமா?

இந்தக் கரைக்கும் பிங்க் ஃபிளாய்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கீழக்கரைக்காரர்களின் வளைகுடாப் பெட்டிகளைப் பார்த்ததில்லை. கோடாலித் தைலத்துக்கும் சோப்புக்கும் நடுவே கேசட்டுகளும் வந்து இறங்கிய காலம் அது. எங்கள் குழுவில் மூத்தவர், நாங்கள் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடுகிறவர், துபாயில் வேலை பார்த்தபோது 'டிவிஷன் பெல்' கேசட்டை அப்படித்தான் கொண்டுவந்தார். அதன் அட்டையில் இரண்டு கல் தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். சில வருடம் கழித்து, பள்ளி ஆசிரியராக இருக்கும் எங்கள் இன்னொரு நண்பர் சென்னையிலிருந்து அதே ஆல்பத்தின் சிடியை வாங்கிவந்தார். அதில் இருந்தவை உலோகத் தலைகள். உன்னுடையது போலி என்று இருவரும் ஒருவரையொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒரு தடைக்காலம் முழுக்க இந்தச் சண்டை ஓடியது. கடைசியில் பார்த்தால் இரண்டுமே அசல். அட்டைப்படம் வடிவமைத்த ஸ்டார்ம் தார்கர்சனின் குழு கேம்பிரிட்ஜ்ஷயரில் ஈலி நகருக்கு அருகே ஒரு வயலில் உலோகத் தலைகளை நிறுத்திப் படமெடுத்தது. கேசட்டுக்கென்று கல்லில் வேறு இரண்டு தலைகள் செய்து அவற்றையும் படமெடுத்தது. காக்கா இன்றைக்கும் கல்தான் உசத்தி என்கிறார்.

1987 அட்டையோ எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாதது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் சாண்டன் சாண்ட்ஸ் என்ற கடற்கரை. அந்த மணலில் வரிசை வரிசையாகச் சுமார் 700 இரும்புக் கட்டில்கள். கம்ப்யூட்டர் வேலை எதுவும் கிடையாது. கட்டில்களைச் சுமந்துபோய்ப் போட்டிருக்கிறார்கள். முதல் நாள் மழை வந்து கெடுத்துவிட்டது. அத்தனையையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போய், பின்னொரு நாள் மறுபடி கொண்டுவந்து அடுக்கினார்களாம். பட்டறைக்கு வந்த ஒரு படகோட்டியிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "சுமந்தவனுக்கு ரெண்டு நாள் கூலியும் கொடுத்தார்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. இந்த இரண்டு ஆல்பங்களின் வித்தியாசமே அதுதான் என்று நான் நினைக்கிறேன்: ஒன்று கூலிக்கு ஆள் வைத்து ஓட்டிய படகு, மற்றது ஓரளவுக்காவது பங்குக்கு ஓட்டிய படகு. மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்துவிட்டு, படகுக்கு இவ்வளவு ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பதைத்தான் இங்கே பங்கு என்போம். பங்குக்காரன் கிழிந்த வலையைக் கண்டால் தானே உட்கார்ந்து பொத்துவான். கூலிக்காரன் படகு முதலாளியான சம்மாட்டியின் முகத்தைப் பார்ப்பான்.

கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டின் கதையைக் கேளுங்கள். 'தி வால்' ஆல்பம் தயாரான 1979இல் வாட்டர்ஸ் அவரைக் குழுவிலிருந்து வெளியேற்றினார். ஆனால் அதைத் தொடர்ந்த கச்சேரிகளில் ரைட் சம்பளத்துக்கு வாசித்தார். கச்சேரிகள் பெரும் நஷ்டம். பங்குக்காரர்கள் மூவரும் கையைச் சுட்டுக்கொள்ள, கூலிக்காரரான ரைட் ஒருவருக்குத்தான் காசு மிஞ்சியது. இதைச் சொன்னபோது பட்டறையே சிரித்தது, சம்மாட்டிகள் உட்பட. பிறகு 1985இல் வாட்டர்ஸ் விலகினார். பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே கித்தார் வாசித்த டேவிட் கில்மோர் அடுத்த ஆல்பத்தைத் தொடங்கினார். ரைட் திரும்பி வந்தார், மறுபடியும் சம்பளத்துக்கே. 'மொமென்ட்ரி லாப்ஸ்' உள்ளட்டைப் படத்தில் கில்மோரும் டிரம்மர் நிக் மேசனும் மட்டும்தான் இருக்கிறார்கள். ரைட்டின் பெயர் துணைக் கலைஞர்களோடு சேர்த்துப் போடப்பட்டிருக்கிறது.

மேசனின் நிலைமையும் பெருமைப்படும்படி இல்லை. பல வருடம் கை ஓய்ந்திருந்ததால், அந்த ஆல்பத்தின் தாள வேலையைப் பெரும்பாலும் ஜிம் கெல்ட்னர், கார்மைன் அப்பீஸ் போன்ற வெளியாட்களும் இயந்திரங்களும் செய்தன. 'லேர்னிங் டு ஃபிளை' பாட்டில் விமானி பேசுவது போல வரும் குரல் மேசனுடையது. டிரம்மரின் கையைவிடக் குரல் தெளிவாகக் கேட்கும் ஆல்பம் என்று ஆசிரியரை வம்புக்கு இழுக்க நான் சொல்வதுண்டு. அவர்தான் எங்களில் 1987இன் வக்கீல்.

அவருடைய வாதத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வாட்டர்ஸ் இல்லாமல் இந்தக் குழு தேறாது என்று பலரும் சொன்ன நேரம் அது. அந்த நேரத்தில் கில்மோர் என்ற ஒரு மனிதர் துணிந்து அணியத்தில், படகின் முன்முனையில், போய் நின்றார். அந்த ஆல்பம் தோற்றிருந்தால் 1994 ஏது? இந்த இடத்தில் எனக்குப் பதில் கிடையாது. இன்னொன்று, அந்த ஆல்பத்தின் பெரும்பகுதி உண்மையாகவே தண்ணீர் மேல் உருவானது. தேம்ஸ் நதியில் கட்டிக்கிடக்கும் 'அஸ்டோரியா' என்ற படகுவீட்டை கில்மோர் 1986இல் வாங்கி அதற்குள் ஸ்டுடியோ வைத்தார். ஆல்பம் தொடங்குவதே துடுப்புத் தண்டு வலிக்கிற சத்தத்தோடுதான். அவருடைய படகுக் காவலர் நதியில் வலித்ததைப் பதிவு செய்தது. அதை முதல் தடவை கேட்டபோது மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல கை. ஆனால் தண்டு கட்டிய இடத்துக்கு எண்ணெய் போடவில்லை" என்றார். எண்பதுகளின் ராக் இசைக்கு இதைவிட நுட்பமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

அந்தத் தொடக்கத்துக்குப் பிறகுதான் பிரச்சினை. டிரம் ஒவ்வொரு அடியும் தகரக் கொட்டகையில் கல் விழுந்த மாதிரி அதிர்ந்து, சட்டென்று அறுந்துபோகும். சின்தசைசர்கள் எல்லாம் பளபளப்பு. 'தி டாக்ஸ் ஆஃப் வார்' பாட்டைத் தடைக்காலத்தில்கூடப் பொறுமையாகக் கேட்க முடிவதில்லை. 'எ நியூ மெஷின்' இரண்டு பாகங்களைப் பற்றி ஆசிரியரே வாயைத் திறப்பதில்லை. ஆனால் கடைசிப் பாட்டான 'சாரோ' வந்தால் நானும் வாயை மூடிக்கொள்வேன். அதன் முதல் கித்தார் ஒலியை லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய விளையாட்டரங்கின் ஒலிபெருக்கிகள் வழியாக அனுப்பிப் பதிவு செய்தார்கள். எங்கள் பட்டறை ஸ்பீக்கரில் அது தொடங்கினால் டப்பாவில் கிடக்கும் போல்ட்டுகள் தாமாக நகரும். அதிலும் தாளம் போடுவது இயந்திரம்தான். அந்தப் பாட்டுக்கு மட்டும் அது பொருந்துகிறது. ஏனென்று கேட்டால் என்னிடம் காரணம் இல்லை.

'டிவிஷன் பெல்' வேறு விதமாகப் பிறந்தது. 1993இன் தொடக்கத்தில் கில்மோர், ரைட், மேசன் மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, திட்டம் எதுவுமில்லாமல் வாசித்தார்கள். அறுபதுக்கும் மேல் துணுக்குகள் சேர்ந்தன. எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று மூவரும் ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள். ரைட் என்ன செய்தார் தெரியுமா? தன்னுடையவற்றுக்கெல்லாம் பத்துக்குப் பத்து, மற்றவர்களுடையவற்றுக்கு ஒன்றுமில்லை! அவருடைய துணுக்குகளே முன்னால் நிற்பது ஏன் என்று மற்றவர்களுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. பதினான்கு வருடம் கழித்து வாக்கு கிடைத்தவர் அதை முழுதாகக் குத்திவிட்டார் என்று காக்கா இதைச் சொல்லிச் சொல்லி ரசிப்பார். ஆல்பத்தின் பெயரும் அதற்கு ஏற்றதாக அமைந்தது. டிவிஷன் பெல் என்பது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களை வாக்களிக்க அழைக்கும் மணி. பெயரை எடுத்துக் கொடுத்தவர் எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ்.

ஐந்து பாடல்களின் இசையில் ரைட்டின் பெயர் இருக்கிறது. 'வேரிங் தி இன்சைட் அவுட்' பாடலை அவரே முன்நின்று பாடினார்; 1973க்குப் பிறகு பிங்க் ஃபிளாய்டு ஆல்பம் ஒன்றில் அவர் அப்படிப் பாடியது அதுதான் முதல் தடவை. மேசன் தன் டிரம்ஸுக்குத் திரும்பினார். ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் உவமை பொய்யாகிவிடும்: ஒப்பந்தப்படி ரைட் அப்போதும் முழு உறுப்பினர் இல்லை. அந்த மனக்குறை அவருக்கு இருந்தது. முழுப் பங்கு என்று சொல்ல முடியாது, அரைப் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அரைப் பங்கே காதில் கேட்கிறது. ரைட் வாசிப்பதில் பாதி, வாசிக்காமல் விடுவது. கில்மோரின் கித்தார் ஒரு சொல் சொல்லி நிறுத்தினால், கீபோர்டு உடனே பாய்ந்து வராது. ஈரம் காய்கிற அளவுக்கு நேரம் கொடுத்துவிட்டு வரும். 1987இல் அந்த இடைவெளிகளை எல்லாம் பயந்து பயந்து எதையாவது போட்டு நிரப்பியிருக்கிறார்கள். 'மரூண்ட்' பாடலைக் கேளுங்கள். கிராமி விருது வாங்கியது என்பதற்காக அல்ல. கடற்பறவைகளும் அலையும் முதலில் கேட்கின்றன. பிறகு கில்மோர் காலால் மிதிக்கும் ஒரு பெடல் கொண்டு சுரத்தை ஒரு மேல் ஸ்தாயி வரை இழுத்துக்கொண்டு போகிறார். கீழே ரைட் அசையாமல் நிற்கிறார். ஒரு முறை மின்சாரம் போன இரவில் பேட்டரியில் இதைப் போட்டோம். எது ஸ்பீக்கரின் அலை, எது பட்டறைக்குப் பின்னால் அடிக்கும் அலை என்று கொஞ்ச நேரம் பிரிக்கவே முடியவில்லை.

குறைகள் இல்லையா? நிறைய. 66 நிமிடம் நீளம். 1987 ஆல்பம் 51 நிமிடத்தில் முடிந்துவிடும். 'டேக் இட் பேக்' யாரோ வேறு குழுவுக்காகச் செய்து மறந்துவைத்தது போல இருக்கிறது. 'கீப் டாக்கிங்' பாட்டில் ஸ்டீபன் ஹாக்கிங்கின் கணினிக் குரல் வருகிறது; ஒரு தொலைபேசி நிறுவன விளம்பரத்திலிருந்து எடுத்தது. முதல் தடவை சிலிர்த்தது, பத்தாவது தடவை இல்லை. நடுப்பகுதியில் எல்லோரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக வழிவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் முந்துவதில்லை. ஆனால் 'ஹை ஹோப்ஸ்' ஒன்றுக்காக இது அத்தனையையும் மன்னிப்பேன். ஒரே சுரத்தில் தூரத்து மணி அடித்துக்கொண்டே இருக்க, கடைசியில் கில்மோர் மடிமேல் வைத்து வாசிக்கும் ஸ்லைடு கித்தார் எழும்பும். அப்போது பட்டறையில் யாரும் பேசக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

சமரசம் செய்ய ஆசிரியர் ஒரு முறை ஒன்று சொன்னார்: 1987 மன்னார் வளைகுடா, 1994 பாக் நீரிணை; ஒன்று சீறுகிற ஆண்கடல், மற்றது அமைதியான பெண்கடல். கேட்க அழகாகத்தான் இருந்தது. மெக்கானிக் அண்ணன் விடவில்லை. "வாடைக்காற்று மாதத்தில் வடகடலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் வாத்தியாரே, எது அமைதி என்று." அதோடு அந்த ஒப்புமை கவிழ்ந்தது.

2019இல் எங்கள் கணக்கையே கலைக்கிற ஒன்று நடந்தது. 'தி லேட்டர் இயர்ஸ்' என்ற தொகுப்புக்காக 1987 ஆல்பத்தைப் பிரித்துக் கட்டினார்கள். மேசன் புதிதாக டிரம்ஸ் வாசித்துக் கொடுத்தார். பழைய கச்சேரிப் பதிவுகளிலிருந்து ரைட்டின் கீபோர்டை எடுத்து உள்ளே சேர்த்தார்கள். அந்தத் தகரச் சத்தம் குறைந்திருக்கிறது. 'ஆன் தி டர்னிங் அவே' முதல் தடவையாக மூச்சுவிடுகிறது. ஆசிரியர் வெற்றி என்று கையைத் தட்டினார். எனக்கோ அது என் கட்சிக்குக் கிடைத்த சாட்சியாகத்தான் பட்டது: அந்தப் படகுக்கு என்ன குறை என்று அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆனால் ரைட் 2008இலேயே இறந்துவிட்டார். பங்கு வந்து சேர்ந்தபோது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் புதிய வடிவத்தை நான் அடிக்கடி போடுவதில்லை.

போன தடைக்காலம் முடிகிற அன்று மாலை ஒரு விசைப்படகுக்காரர் பென்டிரைவை நீட்டி, ஓட்டுகிற அறையில் கேட்க ஏதாவது போட்டுத் தரச் சொன்னார். நான் 'டிவிஷன் பெல்' ஆல்பத்தைத் திறந்தேன். மெக்கானிக் அண்ணன் கையைத் தட்டிவிட்டார். "இஞ்சின் சத்தத்தில் ரைட் கேட்கமாட்டார் தம்பி. அந்தத் தகர டிரம்ஸைப் போடு." ஆசிரியர் அன்று இரவு முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார்.

இரண்டு நாள் கழித்து காக்கா எனக்குத் தனியாக போன் செய்தார். அவருடைய மருமகன் நாட்டுப்படகில் வலை விட்டுவிட்டு, இஞ்சினை அணைத்து, விடியும் வரை காத்திருக்கிறவன். அவனுக்கு எதைப் போட்டுத் தரட்டும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.