பத்தியமா, தினசரி மாத்திரையா: யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழ் நிறுத்துவது எது?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதிகளில் ஒருவருக்கு யூரிக் அமிலம் கூடியிருப்பது தெரிந்ததும், மரச்சீனிக்கு (மரவள்ளிக் கிழங்கு) துணையான சாளைக்கறியும் நெத்தோலியும்தான் வீட்டில் முதலில் நிறுத்தப்படுகின்றன. இவற்றிலும் ஈரலிலும், உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மிகுதி என்பதும், பீரும் இனிப்புக் குளிர்பானங்களும் கேடு என்பதும் அனைவரும் அறிந்தவை. எனினும், உடலில் சேரும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உணவிலிருந்து வருகிறது. எஞ்சியதை உடலே உண்டாக்குகிறது, அதைச் சிறுநீரகம் போதிய அளவு வெளியேற்றாததே பெரும்பாலோருக்குச் சிக்கல். கடும் பத்தியம் பொதுவாக ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு 1 மில்லிகிராம் அளவுக்கே குறைப்பதால், 9-இல் நிற்பவர் மீனை முற்றிலும் விட்டாலும் 8-ஐ ஒட்டியே நிற்பார்.

யூரிக் அமிலம் மூட்டுகளில் படிகமாகப் படிந்து வீக்கமும் வலியும் தரும் கவுட் நோயால் என் கால் பெருவிரல் அடிக்கடி வீங்கிய நிலையில் நான் தேர்ந்தது, அந்த அமிலம் உண்டாவதைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை. 100 மில்லிகிராமில், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதனினும் குறைவாகத் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் பார்த்து மருத்துவர் அளவை உயர்த்துகிறார். பழைய படிகங்கள் கரையும் முதல் மாதங்களில் வலி திரும்பக்கூடும் என்பதால், 3 முதல் 6 மாதங்கள் குறைந்த அளவில் கோல்கிசினும் தருவதுண்டு. (இது நம் மாநில மலரான செங்காந்தளில் உள்ள மருந்துதான், கிழங்கையே தின்பது உயிருக்கு ஆபத்து.) தோலில் தடிப்பு கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எந்த வழியானாலும் பராமரிப்பில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஊரில் இரத்தம் கொடுப்பவர்கள் ஆய்வகச் சீட்டைத் தாங்களே படித்துக்கொள்கிறார்கள். ஆண்களுக்கான இயல்பு அளவு பல சீட்டுகளில் 7-ஐத் தாண்டி அச்சிடப்பட்டிருப்பதால், 6.9 வந்தவருக்கு, அளவு மீறியதைக் காட்டும் தடித்த எழுத்து எதுவும் கண்ணில் படுவதில்லை. நோய் போயிற்று என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார். யூரிக் அமிலம் படிகமாகத் தொடங்குவதோ 6.8-ஐத் தாண்டும்போது. கவுட் உள்ளவருக்குரிய இலக்கு 6-க்குக் கீழ்; அதை எட்டியபின் மாத்திரையை விட்டாலும் பெரும்பாலோருக்கு அளவு மறுபடி ஏறிவிடும். வலி மிகுந்த நாளில் எடுக்கும் சோதனை குறைவாகக் காட்டக்கூடும் என்பதால், வீக்கம் வடிந்து இரண்டு வாரமாவது கழித்துப் பார்த்த எண்ணையே நான் நம்புகிறேன்.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான ஃபெபுக்சோஸ்டாட்டை நான் உட்கொண்டதில்லை. சிறுநீரகம் ஓரளவு தளர்ந்தவர்களுக்கு அளவை மாற்றாமலே தரலாம் என்பது அதன் வசதி. இதய நோயாளிகளின் மரணம் குறித்து அமெரிக்க மருந்து ஆணையம் 2019-இல் எச்சரித்தது. 2020-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் அத்தகைய கூடுதல் ஆபத்து தென்படவில்லை. இதயக் கோளாறு உள்ளவர் இரண்டையும் மருத்துவரிடம் எடுத்துச் சொல்லிக் கேட்பது நல்லது. அப்போது இரத்த அழுத்த மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள்: ஹைட்ரோகுளோரோதயசைடு யூரிக் அமிலத்தை ஏற்றும், லோசார்டான் சற்றே இறக்கும்.