ரைஃபிள் சிக்கிக்கொண்டால் எது தேவலாம்? எம்16-ஆ, எஸ்ஏஆர் 21-ஆ?

அக்கா மகன் தேக்கோங் தீவில் சிங்கப்பூர் ராணுவத்தின் அடிப்படைப் பயிற்சியில் இருக்கிறான். போன சனிக்கிழமை புக் அவுட் ஆகி, அதாவது முகாமிலிருந்து விடுப்பில், வந்தவனைத் தேக்கா சந்தைக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். பிரியாணிக்கு வரிசையில் நிற்கும்போதே ஆரம்பித்துவிட்டான். "மாமா, உங்க காலத்து எம்16 அடிக்கடி சிக்கிக்குமாமே? எங்க சார்ஜண்ட் சொன்னாரு."

"உன்னோடது சிக்கவே சிக்காதா?"

கொஞ்சம் தயங்கினான். "இந்த வாரம் ரேஞ்சுல ஒரு தடவை நின்னுச்சு. ஏன்னு தெரியல."

நான் 1997-ல் என்எஸ் என்ற கட்டாய தேசிய சேவையில் சேர்ந்தவன். அப்போது கையில் கொடுத்தது எம்16எஸ்1, எம்16-இன் சிங்கப்பூர் வகை. அதன் பிறகு அவ்வப்போது திரும்ப அழைக்கும் ரிசர்விஸ்ட் காலத்தில் எஸ்ஏஆர் 21-க்கு மாற்றினார்கள். ஆக, இரண்டோடும் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். எது குறி தவறாமல் சுடும், எதைத் தூக்கிக்கொண்டு நடப்பது லேசு என்பதையெல்லாம் கோப்பிக்கடைகளில் போதுமான அளவு அலசியாயிற்று. நான் பார்க்கப்போவது ஒன்றே ஒன்றுதான். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், படுத்துக்கொண்டு ஒவ்வொரு தோட்டாவாகச் சுடும்போது ரைஃபிள் திடீரென நின்றுவிட்டால், எதில் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம்?

முதலில் உடல்வாகு. எம்16எஸ்1 அமெரிக்காவின் கோல்ட் நிறுவன உரிமத்தில் சிங்கப்பூரிலேயே தயாரானது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். தோட்டாக்கள் அடுக்கிய மேகசின், கைப்பிடிக்கு முன்னால் இருக்கும். காலிக்கூடு வெளியேறும் வாசல் முகத்துக்கு எதிரே வலப்பக்கத்தில் இருக்கும். எஸ்ஏஆர் 21 இங்கேயே வடிவமைக்கப்பட்டு 1999-ல் அறிமுகமானது. புல்பப் வகை என்பதால் மேகசினும், தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டும் கைப்பிடிக்குப் பின்னால் போய்விட்டன. பேரல் இரண்டிலும் ஒரே 508 மில்லிமீட்டர்தான், ஆனால் எஸ்ஏஆர் 21-இன் மொத்த நீளம் 80.5 சென்டிமீட்டர். இந்தச் சுருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. சுடும்போது தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் சேம்பர் உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கன்னம் படும் இடத்தில் கெவ்லார் தகடு வைத்திருக்கிறார்கள். சேம்பரில் ஏதாவது வெடித்தால் வாயு வலப்பக்கமாக வெளியேற ஒரு துளையும் உண்டு. முகத்துக்குப் பாதுகாப்பு சரிதான். ஆனால் உள்ளே என்ன சிக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிச் சாய்த்தாக வேண்டும்.

எம்16-இல் அந்தத் தொல்லை இல்லை. தலையைச் சற்றுத் தூக்கினால் போதும். போல்ட் பாதி வழியில் நிற்கிறதா, காலிக்கூடு புகைபோக்கி மாதிரி வாசலில் நட்டுக்கொண்டு நிற்கிறதா, இரண்டு தோட்டாக்கள் ஒரே நேரத்தில் உள்ளே முட்டிக்கொண்டு நிற்கின்றனவா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கோளாறைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை கண்ணால்தான் நடக்கிறது என்பதால், இந்தச் சுற்று எம்16-க்கே.

எஸ்ஏஆர் 21-க்குச் சாதகமான ஒரு ஜன்னலும் இருக்கிறது. அதன் மேகசின் உள்ளே தெரியும்படி அரைகுறை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். தோட்டா மேலேறி வந்திருக்கிறதா, கோணலாகக் கிடக்கிறதா என்று கழற்றாமலே பார்க்கலாம். எங்கள் அலுமினிய மேகசினில் இதெல்லாம் கனவு.

அந்த அலுமினிய மேகசினால் எனக்கு நேர்ந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆயுதக் கிடங்கான ஆம்ஸ்கோட் வாசலில் சிமெண்டுத் தரையில் மேகசினைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் அதன் வாய் விளிம்பு, அதாவது உதடு, லேசாக வளைந்தது. திட்டு விழுமே என்று யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாள் ரேஞ்சில் மூன்று தோட்டாவுக்கு ஒரு முறை துப்பாக்கி நின்றது. தோட்டாவின் மூக்கு சேம்பருக்குள் போகாமல் அதன் கீழ் விளிம்பில் முட்டிக்கொண்டது. ரைஃபிளைத்தான் மனதுக்குள் திட்டினேன். எங்கள் என்சிக் (வாரண்ட் ஆபிசர்) தமிழர். ஒரு வார்த்தை பேசாமல் என் மேகசினைப் பக்கத்து லேனில் இருந்தவனுக்குக் கொடுத்து, அவனுடையதை எனக்குக் கொடுத்தார். என் துப்பாக்கி ஓடியது, அவனுடையது நின்றது. "நோய் யாருக்கு, தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் அந்த மேகசின் எப்படி வளைந்தது என்பதை நானே சொல்ல வேண்டியதாயிற்று.

இந்த மாற்றிப்பார்க்கும் வைத்தியம் இரண்டு துப்பாக்கிக்கும் பொருந்தும். தோட்டா மேலேறவில்லையா, முதலில் மேகசினைச் சந்தேகப்படுங்கள். சரியாகத் தட்டி மாட்டவில்லையா, உதடு வளைந்ததா, ஸ்பிரிங் தளர்ந்ததா, உள்ளே மணல் புகுந்ததா? இதையெல்லாம் விட்டுவிட்டுப் போல்ட்டைக் குறை சொல்வது வீண்.

தோட்டா உள்ளே போனது, விசையை இழுத்தேன், 'கிளிக்' என்றது, வெடிக்கவில்லை என்றால் வெளியே எடுத்த தோட்டாவின் பின்புறத்தைப் பாருங்கள். ஆழமான குழி விழுந்திருந்தால் குற்றம் அநேகமாகத் தோட்டாவுடையது. குழி மேலோட்டமாக இருந்தாலோ, இல்லவே இல்லையென்றாலோ, போல்ட் முழுவதும் மூடவில்லை, அல்லது தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஃபயரிங் பின்னில் பிரச்சினை. காலிக்கூடு சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டால் அழுக்குச் சேம்பர், இல்லையென்றால் கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி. வெளியே வந்த கூடு பலமில்லாமல் பக்கத்திலேயே விழுந்தால் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும் வாயு போதவில்லை என்று பொருள்.

அந்த வாயு விஷயத்தில்தான் இரண்டும் நிஜமாகவே பிரிகின்றன. எம்16-இல் வாயு ஒரு மெல்லிய குழாய் வழியாக நேராகப் போல்ட்டைத் தாங்கும் கேரியருக்குள் ஊதுகிறது. கரியும் அதோடு சேர்ந்து உள்ளே வருகிறது. 1960-களில் வியட்நாமில் இந்தத் துப்பாக்கி சிக்கிச் சிக்கிப் பெயர் கெட்டதற்கு அது மட்டும் காரணமில்லை. வெடிமருந்தை மாற்றினார்கள், துடைக்கச் சாதனம் இல்லாமல் வீரர்களிடம் கொடுத்தார்கள், சேம்பருக்குக் குரோம் பூச்சும் இல்லை. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு இதை விசாரித்தது. பிற்பாடு குரோம் பூச்சு வந்தது. என் மருமகனின் சார்ஜண்ட் சொல்லும் கெட்ட பெயருக்கு மூலம் அங்கேதான். எஸ்ஏஆர் 21-இல் வாயு முன்பக்கத்தில் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. கரியில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். போல்ட் அவ்வளவாக அழுக்காவதில்லை, சூடாவதும் குறைவு. இரண்டையும் துடைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எம்16 போல்ட்டின் வால் பகுதியில் ஒட்டிய கரியைச் சுரண்டி எடுத்த விரல்கள் எஸ்ஏஆர் 21-ஐக் கும்பிட வேண்டும்.

எம்16 போல்ட்டில் மூன்று சின்ன உலோக வளையங்கள் இருக்கும். அவை தேய்ந்தால் வாயு கசியும். ஒரு எளிய சோதனை உண்டு. கேரியரைக் கழற்றி, போல்ட்டை முன்னுக்கு இழுத்துவிட்டு, போல்ட் முகம் கீழே இருக்கும்படி மேசை மேல் நிறுத்துங்கள். கேரியர் தன் எடைக்கே அமுங்கி இறங்கினால் வளையத்தின் ஆயுள் முடிந்தது. காசு செலவில்லாத இந்த மாதிரிச் சோதனைகள் எம்16-இல் நிறைய. பழைய சைக்கிள் மாதிரி, எல்லாம் கைக்கும் கண்ணுக்கும் எட்டும்.

எஸ்ஏஆர் 21-இன் 1.5 மடங்கு ஸ்கோப், லேசர் எல்லாம் நல்லவைதான். துப்பாக்கி நிற்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை, விட்டுவிடுவோம். போல்ட்டைக் கையால் இழுக்கும் காக்கிங் ஹேண்டில் மட்டும் சம்பந்தப்பட்டது. எம்16-இல் அது மூக்குக்கு நேரே பின்பக்கம் இருப்பதால் இழுக்கும்போது முகத்தை விலக்கியாக வேண்டும். எஸ்ஏஆர் 21-இல் ஸ்கோப்புக்கு அடியில், மேலே இருக்கிறது. எந்தக் கையாலும் எட்டும். படுத்த நிலையில் இது எவ்வளவு சௌகரியம் என்பது எம்16-ஐ இழுத்துப் பழகியவர்களுக்குத்தான் புரியும்.

சரி, நின்றுவிட்டது. உடனே ஐஏ டிரில் என்ற உடனடி நடவடிக்கையைச் செய்வதா, கையைத் தூக்கிக் காத்திருப்பதா? போருக்காகப் பழகுபவன் மேகசினைத் தட்டி, இழுத்துவிட்டு, மறுபடி சுட வேண்டும். எதிரி காத்திருக்க மாட்டான். விளையாட்டுத் துப்பாக்கி சுடுவோரின் வழக்கம் வேறு. வெடிக்கவில்லையென்றால் பேரலை இலக்கு நோக்கியே வைத்து அரை நிமிடமாவது காத்திருப்பார்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டாவுக்குப் பயந்து. எனக்கு இரண்டுமே சரியாகத்தான் படுகிறது, ஒரு சந்தர்ப்பம் தவிர. சுட்டபோது வழக்கமான சத்தம் இல்லாமல் 'புஸ்' என்றோ 'டப்' என்றோ மெலிதாகக் கேட்டு, தோளில் உதையும் இல்லையென்றால் ஐஏ செய்யவே கூடாது. குண்டு பேரலுக்குள் பாதியில் சிக்கியிருக்கலாம். அந்தப் பலவீனமான வெடிப்பு போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளியிருக்காது. நீங்கள் கையால் இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா அதன் பின்னால் வந்து உட்காரும். மறுபடி விசையை இழுத்தால் பேரல் வெடிக்கக்கூடும். கெவ்லார் தகடு இருக்கிறது என்ற தைரியம் இங்கே வேண்டாம். விரலை எடு, சேஃப்டி போடு, கையைத் தூக்கு, சேஃப்டி ஆபிசர் வரட்டும். பத்துத் தோட்டா மிச்சமானால் மிச்சமாகட்டும்.

என் கணக்கு இதுதான். ரேஞ்சில் நாள் முழுக்கச் சுட வேண்டும், நிற்கவே கூடாது என்றால் எஸ்ஏஆர் 21. ஏன் நிற்கிறது என்று ஒரு புதுப் பையனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் எம்16. அதில் தவறுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. எஸ்ஏஆர் 21 அரிதாகவே நிற்பதால், நிற்கும்போது பையன்களுக்குக் கை ஓடுவதில்லை.

இதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே மருமகனிடம் சொன்னேன். "வெளியே வந்த தோட்டாவில் குழி பார்த்தியா?" என்றேன். பார்க்கவில்லை. ஐஏ செய்தானாம், தோட்டா பறந்ததாம், மறுபடி சுட்டதாம். மேகசின் சரியாக மாட்டியிருந்ததாம். போல்ட் முழுவதும் மூடியதா என்று கேட்டால், கொஞ்சம் சோம்பலாக மூடிய மாதிரி இருந்ததாம்.

நம் ஊர் ஈரக்காற்றில் துருப்பிடித்தால் தண்டனை கிடைக்கும் என்று பயந்து புதுப் பையன்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் செய்திருக்கிறேன். எண்ணெயும் கரியும் மணலும் குழைந்தால் பசையாகிவிடும்.

"ரேஞ்சுக்குப் போறதுக்கு முன்னாடி எண்ணெய் எவ்வளவுடா போட்ட?"

தே தாரிக்கை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னான். "பாட்டில் பாதி காலி, மாமா."